மேல் அடுக்கின் கைதட்டல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு பழைய டேப் ரெக்கார்டருக்குள் கிடந்தது. ரெக்கார்டரைக் கொடுத்தவருக்கு உள்ளே கேசட் இருந்தது ஞாபகமில்லை. நான் அதை எடுத்து, கேட்காமலேயே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். இதுவரை பதினொரு தடவை கேட்டிருக்கிறேன்.

கொடுத்தவர் டார்லீன். இந்த ஏரிக்கரை ஊரில் நான் பள்ளிப் பேருந்து ஓட்ட ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதில் பதினாறு வருடம் ரேடியோவில் எனக்கு வழி சொன்ன குரல் அவருடையது. பனியில் சக்கரம் சிக்கினாலும், ஏதாவது பிள்ளை வாந்தி எடுத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவேன். என் வண்டி எண் பதினேழு. ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு என் பெயர் அதுதான்.

வீட்டை விற்றுவிட்டு ஒற்றை அறை அபார்ட்மென்டுக்குப் போகப் போகிறார். அதனால் பேஸ்மென்டைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"உனக்கு வேணுங்கிறதெல்லாம் தூக்கிட்டுப் போ, பதினேழு. நான் செத்தப்புறம் லென்னி வந்து தூக்குனா அவன் முதுகு போயிரும்."

"அதுக்கு என் முதுகு போகணுமா?"

"உனக்கு அரசாங்க இன்ஷூரன்ஸ் இருக்கில்ல?"

லென்னி என்பது லென், அவர் தம்பி. இந்தக் கதை லென்னைப் பற்றியது என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தொடக்கம் எழுதினேன். மூன்றையும் அப்படியே விட்டுவைக்கிறேன், நீங்களே பாருங்கள்.

முதலாவது: "1976 ஜூலை, சனிக்கிழமை நண்பகல். ஏரியிலிருந்து வந்த காற்று எழுபதாயிரம் பேரின் தலைமுடியை—"

நிறுத்திவிட்டேன். அந்தக் காற்றைப் பற்றி எனக்கென்ன தெரியும்? அந்த ஜூலையில் நான் விருதுநகரில் நான்காம் வகுப்பில் இருந்தேன்.

இரண்டாவது: "அந்த பேஸ்பால் மைதானத்தை இடித்துப் பல வருடங்களாகின்றன. இன்று அங்கே நிற்பவர்கள்—"

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் அடுத்த வரியில் பெருமூச்சு விட்டாக வேண்டும். எனக்குப் பெருமூச்சு வரவில்லை. ஒரு சந்தேகம்தான் வந்தது. அந்தச் சந்தேகம் கேசட்டில் இருக்கிறது. அதனால் மூன்றாவது தொடக்கமாகக் கேசட்டில் இருப்பதையே எழுதுகிறேன்.

முதலில் துணி உரசும் சத்தம். ரெக்கார்டரை ரொட்டிப் பெட்டியில் ஒளித்து உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். பிறகு யாரோ எதையோ மெல்லுகிறார்கள். ஒரு பெண் சொல்கிறாள்: "ஷெர்லி, குடையை மடக்கு. பின்னாடி இருக்கிறவன் கத்துறான்."

இன்னொருத்தி: "அவன் குடையைப் பாத்துக் கத்தலைடி. என்னைப் பாத்துக் கத்துறான்."

முதல் குரல் டார்லீனுடையது. இருபத்தெட்டு வயதுக் குரல். ஆனால் அதட்டல் மாறவே இல்லை. என் ரேடியோவில் வந்த அதே அதட்டல்.

அறிவிப்பாளர் ஒரு இசைக்குழுவின் பெயரைச் சொல்கிறார்: மூன்றாம் ஷிஃப்ட். உள்ளூர் இளைஞர்கள் நான்கு பேர். வானொலிப் போட்டியில் ஜெயித்து, பெரிய குழுக்கள் மேடையேறும் முன்னால் இருபது நிமிடம் வாசிக்கும் வாய்ப்பு வாங்கியவர்கள். (பெரிய குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் இதைப் பாதியில் விட்டுவிட்டு அவர்கள் பாட்டைக் கேட்கப் போய்விடுவீர்கள். நானே அப்படித்தான் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்தேன்.)

முதல் பாட்டு. கூட்டம் கவனிக்கவில்லை. இரண்டாம் பாட்டு. கூட்டம் பெரிய குழுவின் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. மூன்றாம் பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், மைக்குக்கு மிகப் பக்கத்தில், ஒரு கைதட்டல். தாளத்துக்குச் சரியாக. உடனே பக்கத்தில் பத்து, நாற்பது, பிறகு எண்ண முடியாது. மேல் அடுக்கு முழுதும் தட்டுகிறது. உடம்பு சிலிர்த்துவிடும், கேட்டால்.

பிறகு பாட்டு மெதுவாகிறது.

முதலில் தெரியாது. அப்புறம் தெரியும். மாடிப்படி இறங்கும் கனத்த ஆள் மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. பாடகன் வரியை இழுக்கிறான், கிடார் தடுமாறுகிறது. கடைசியில் டிரம் நின்றுவிடுகிறது. ஏழு நொடி மௌனம். எழுபதாயிரம் பேர் இருக்கும் இடத்தில் ஏழு நொடி.

அந்த மௌனத்தில் டார்லீன் தாழ்ந்த குரலில் சொல்கிறார்: "தட்டாதீங்க. யாரும் தட்டாதீங்க."

அப்போது யாரும் தட்டிக்கொண்டிருக்கவில்லை.

என் சந்தேகம் இதுதான். அந்தக் கைதட்டலைக் காது வைத்துக் கேட்டேன். ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை. டிரம்மின் ஒவ்வொரு அடியோடும் கைகள் ஒட்டிக்கொண்டு போகின்றன. தட்டியவர்கள் சரி, வாசித்தவனும் அவர்களோடு சரி. அப்படியென்றால் பாட்டு எதற்காக மூழ்கியது?

3

டிரம் வாசித்தது லென். அப்போது வயது இருபத்து நாலு. இப்போது அறுபத்தேழு. புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். அந்த மதியத்துக்குப் பிறகு அவர் டிரம் முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

அவரைப் பற்றி நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. நாங்கள் யாருக்காவது கைதட்ட வேண்டி வந்தால் லென் கையில் ஏதாவது இருக்கும். டார்லீனின் ஓய்வு விழாவில் எல்லோரும் எழுந்து நின்று தட்டினோம். அவர் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். காபி ஆறிப் போயிருக்கும். டார்லீனின் பேரப்பிள்ளை பிறந்தநாளிலும் அதே. அன்று நான் அவரைக் கொஞ்சம் அகம்பாவம் பிடித்தவர் என்று நினைத்தேன்.

கதையில் அவரை எப்படி வைப்பது என்று எனக்குக் குழப்பம். முதல் வரைவில் அவரைக் குடிகாரனாக எழுதினேன். பாட்டு நின்றுபோவதற்கு அது வசதியான காரணம். அடுத்த நாளே அடித்துவிட்டேன். லென் ஒரு பீர் குடித்தால் இரண்டாவதற்கு மன்னிப்புக் கேட்கிறவர். இரண்டாம் வரைவில் ஒரு மேனேஜரைப் படைத்தேன். தடித்த சுருட்டு, கறுப்புக் கண்ணாடி, பொடியன்கள் மேல் பொறாமை. ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கிவிடுகிறார். இரண்டு பக்கம் நன்றாகவே வந்தது. ஆனால் வயரைப் பிடுங்கினால் பாட்டு சட்டென்று நிற்கும். இந்தப் பாட்டு அப்படி நிற்கவில்லை. தயங்கித் தயங்கி நின்றது. மேனேஜரை அனுப்பிவிட்டேன். சுருட்டு மட்டும் நல்ல சுருட்டு.

பிறகு என்ன செய்ய? வெட்கத்தை விட்டு டார்லீனிடமே போனேன்.

4

கேசட்டை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"எங்கே இருந்துச்சு?"

"மெஷினுக்குள்ள."

"கேட்டியா?"

"கேட்டேன்."

"நாப்பத்து மூணு வருஷமா நான் கேக்கல. நீ ஒரு வாரத்துல கேட்டுட்டே." அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். அடுப்பில் ஒன்றுமே இல்லை. "சரி. எத்தனை தடவை?"

அப்போது எட்டு. சொன்னேன். திட்டினார். பிறகு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

அப்போது அவர் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். சனிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்ததும், உடன் வேலை செய்த நாற்பது பெண்களை அப்படியே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். யாரும் உடை மாற்றவில்லை. எல்லோரும் வெள்ளை ஏப்ரனோடு போய் மேல் அடுக்கில், மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்கள்.

"மேடை எங்கயோ தூரத்துல. லென்னி ஒரு பட்டன் சைஸ்ல தெரிஞ்சான். ஆனா எனக்கு அவன் தோள் தெரியும். பயந்தா தோளைத் தூக்கிக்குவான். ரெண்டாவது பாட்டுல ஜனங்க கத்த ஆரம்பிச்சதும் தோள் காதுக்கு வந்துருச்சு."

"அதனால தட்டினீங்க."

"நான்தான் ஆரம்பிச்சேன். வேற யாருமில்ல. அவனுக்கு ஒரு தெம்பு வரட்டும்னு. அப்புறம் எல்லாரும் தட்டினாங்க. நான் அழுதுட்டேன், பதினேழு. இருபதாயிரம் பேர் என் தம்பிக்குத் தட்டுறாங்க. அப்புறம் பாட்டு படுத்துருச்சு."

"நீங்க என்ன பண்ணுவீங்க அதுக்கு?"

"நான் தப்பாத் தட்டிருக்கேன். அவ்ளோதான். நான் இழுத்தேன், கூட்டம் என்னோட இழுத்துச்சு, அவன் எங்களோட இழுபட்டான். எனக்குச் சின்ன வயசுலேருந்தே தாளம் வராதுன்னு வீட்ல எல்லாரும் சொல்லுவாங்க."

மைதானத்துக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில், பாடகன் கேரி எல்லோர் முன்னாலும் கேட்டானாம்: "லென், தூங்கிட்டியா?" லென் சொன்ன பதில்: "என் கை போச்சு." அவ்வளவுதான். அந்த இடத்திலேயே அவரைக் குழுவிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"நான் பக்கத்துல ஐஸ் பெட்டியைத் தூக்கிட்டு நிக்கிறேன். 'அவன் கை போகல, நான்தான் தப்பாத் தட்டினேன்'னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். ஐஸ் பெட்டி கனமா இருந்துச்சு. அதை வண்டியில ஏத்திட்டுச் சொல்லலாம்னு நினைச்சேன். ஏத்திட்டேன். சொல்லல."

நான் சொன்னேன், "டார்லீன், டேப்புல உங்க தட்டு சரியா இருக்கு."

"எனக்கு ஆறுதல் சொல்லாதே. லென்னிகிட்டயும் சொல்லாதே. அவனுக்கு நான் ஆரம்பிச்சது தெரிஞ்சா என்னை மன்னிக்கணும். அதுக்கெல்லாம் அவனுக்கு வயசாகிருச்சு."

கேசட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சரி என்று தலையாட்டினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் இப்படி இரண்டு தடவை தலையாட்டினேன்.

5

இது சின்னப் பகுதி. ஆனால் இதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கு வெளியே பிள்ளைகளுக்காகக் காத்திருந்தேன். விளையாட்டுத் திடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கூரையில் இருந்தவர் சுத்தியலை இறக்குகிறார். சத்தமில்லை. சுத்தியல் மேலே போகிறது. அப்போதுதான் 'டொக்'.

மறுபடி பார்த்தேன். இறங்குகிறது, சத்தமில்லை. ஏறுகிறது, டொக். ஆணி அடித்ததற்கான சத்தம், அவர் அடிக்காதபோது வருகிறது.

அதற்குள் எனக்குப் பின்னால் ஒரு வகுப்பே ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மேடை மைதானத்தின் ஒரு கோடியில். டார்லீன் எதிர்க்கோடியின் உச்சியில். நடுவே நூற்றைம்பது மீட்டர் இருக்கும். ஒலி அதைக் கடக்க அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு. டிரம் அடி டார்லீனிடம் வந்து சேரும்போது லென் கிட்டத்தட்ட அடுத்த அடியில் இருப்பார். டார்லீன் கேட்ட கணத்தில் சரியாகத் தட்டுகிறார். ஆனால் மேடையிலிருந்து பார்க்கும் லென்னுக்கு? கைகள் தாமதமாகச் சேர்கின்றன. எல்லாக் கைகளும்.

கேசட்டில் எல்லாம் சரியாக இருந்ததற்குக் காரணமும் அதுதான். மைக், தட்டியவர்களின் மடியில் இருந்தது. மேடையில் ஒரு மைக் இருந்திருந்தால் அது வேறு கதை சொல்லியிருக்கும்.

யாரும் தப்பு செய்யவில்லை. தூரம் மட்டும் இருந்தது.

(பெரிய குழுக்களில் வாசிப்பவர்களுக்கு இது பழக்கமான சங்கதி என்கிறார்கள். மைதானத்தில் கூட்டத்தைப் பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது, உன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போக வேண்டும். அது தெரியவர நாலு மைதானம் பார்த்திருக்க வேண்டும். லென் அதுவரை வாசித்ததெல்லாம் இங்கே குடியேறிய ஸ்லோவாக்காரர்களின் மன்றத்துக் கல்யாணங்களில்.)

6

புல்வெட்டியைச் சாக்காக வைத்து லென்னின் கராஜுக்குப் போனேன். உண்மையிலேயே பழுதாகத்தான் இருந்தது. நான்தான் அதைப் பழுதாக்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"டிரைவர், இதுல யாரோ வேணும்னே மண்ணைப் போட்டிருக்காங்க."

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க."

"பக்கத்து வீட்ல பிள்ளையே கிடையாதே உனக்கு."

அவர் மகள் கிறிஸ்டாவுக்கு இந்தச் சனிக்கிழமை கல்யாணம். அதே ஸ்லோவாக் மன்றத்தில். மணப்பெண் நடனத்துக்கு ஒரே ஒரு பாட்டு அப்பா வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். இவர் முடியாது என்றுவிட்டார். அவள் மூன்று வாரமாக இவரோடு போனில் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. இதெல்லாம் டார்லீன் சொல்லி எனக்குத் தெரியும்.

"ஏன் லென்? ஒரு பாட்டுதானே?"

அவர் பிளேடைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ அந்த நடனம் பாத்திருக்கியா? ஜனங்க வரிசையில வருவாங்க. ஒவ்வொருத்தரும் பொண்ணோட ரெண்டு சுத்து ஆடணும். கடைசி ஆள் ஆடி முடிக்கிற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாது. என் மாமா ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிக் குடுத்தார். கூட வாசிக்கிறவங்களைப் பாக்காதே, ஆடுறவங்க காலைப் பாரு. முட்டி வலிக்கிற ஆள் வந்தா நீ அவருக்காக மெதுவாப் போ. ஆடுறவன் பின்தங்கினா அது அவன் தப்பு இல்ல, உன் தப்பு."

"நல்ல வழக்கம்தானே."

"கல்யாணத்துக்கு நல்லது." பிளேடைக் கீழே வைத்தார். "அன்னைக்கு மைதானத்துல எனக்கு ஒரே பயம். எங்கயாவது தெரிஞ்ச கால் இருக்கான்னு தேடினேன். மேல, தூரத்துல, வெள்ளையா ஒரு கூட்டம். பேக்கரி ஏப்ரன். டார்."

டார் என்று அவர் கூப்பிடுவது டார்லீனை.

"அவதான் ஆரம்பிச்சா. பாத்தேன். கையைத் தலைக்கு மேல தூக்கித் தட்டுறா. எப்பவும்போல லேட்டு. அவளுக்குத் தாளம் வராது, பாவம், சின்ன வயசுலேருந்தே. சரி, நம்ம அக்காதானே, காத்திருப்போம்னு கொஞ்சம் குறைச்சேன். அவளும் குறைஞ்சா. இன்னும் கொஞ்சம் குறைச்சேன். இன்னும் பின்னாடிதான் இருக்கா. கேரி திரும்பிப் பாத்து முறைக்கிறான். நான் அவனைப் பாக்கல. அவளைத்தான் பாத்தேன். எப்படியாவது வந்து சேந்துருவான்னு."

"அப்புறம்?"

"நின்னுட்டேன். அப்பதான் சேந்தோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கேரிகிட்ட ஏன் கை போச்சுன்னு சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்ல? அவ பக்கத்துல ஐஸ் பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. மூஞ்சி இவ்ளோதான் இருக்கு. 'எங்க அக்கா கெடுத்துட்டா'ன்னு சொல்லச் சொல்றியா?"

"சரி, அது அன்னைக்கு. இப்ப ஏன்?"

"இப்பவும் அவ வருவா இல்ல? முன் வரிசையில உக்காருவா. தட்டுவா. நான் காத்திருப்பேன். எனக்கு வேற மாதிரி வாசிக்கத் தெரியாது. என் பொண்ணு நடுக் கூடத்துல ஒத்தைக் காலைத் தூக்கிட்டு நிப்பா, பாட்டு நின்னுரும். அப்ப டாருக்கு விஷயம் புரிஞ்சுரும். நாப்பத்து மூணு வருஷம் காப்பாத்தினது ஒரு பாட்டுல போயிரும்." துணியை உதறினார். "நானும் தட்டுறதை விட்டுட்டேன். நான் தட்டினா அவளும் சேந்து தட்டுவா. நான் அவளுக்காக மெதுவாவேன். பக்கத்துல யாராவது கவனிச்சிருவாங்க. எதுக்கு வம்பு? டார்கிட்ட சொல்லிராதே, டிரைவர்."

தலையாட்டினேன். இரண்டாவது தடவை.

7

ஆக, என் நிலைமையைப் பாருங்கள். தன் கைதட்டல்தான் தம்பியைக் கவிழ்த்தது என்பதை அக்கா மறைக்கிறார். அது அக்காவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று தம்பி மறைக்கிறார். இருவரும் மறைப்பது ஒரே பொய்யான விஷயம். டார்லீனுக்குத் தாளம் வராது என்பதே பொய். அதற்கு ஒரே சாட்சி என் பேருந்தின் டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. சனிக்கிழமை கல்யாணம்.

மூன்று முடிவு யோசித்தேன்.

முதல் முடிவு: மன்றத்தில் லென் எழுந்து போய் டிரம் முன்னால் உட்காருகிறார். கிறிஸ்டா அழுகிறாள். டார்லீன் தட்டுகிறார். இருபது மீட்டர் கூடத்தில் தாமதமே இல்லை, அடியும் தட்டும் ஒன்றாக விழுகின்றன. இதை நான்கு பக்கம் எழுதினேன், மணப்பெண்ணின் முக்காட்டுக்கு மட்டும் ஒரு பத்தி. எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. ஆனால் நான் இதை எழுதியது புதன்கிழமை. இன்னும் நடக்காத கல்யாணத்தை நடந்ததாக எழுதி நானே அழுதுகொள்வது கொஞ்சம் அசிங்கமாகப் பட்டது. எடுத்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: கேசட்டை ஏரியில் போட்டுவிடுகிறேன். தினமும் ஏரிக்கரை வழியாகத்தான் போகிறேன், சன்னலைத் திறந்தால் போதும். யாருக்கும் வலிக்காது. இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டே செத்துப்போவார்கள். இதுதான் அழகான முடிவு என்று என் மனைவி சொல்கிறாள். அவள் கதைகள் நிறையப் படிக்கிறவள். எனக்கு அது அழகாகப் படவில்லை. கிறிஸ்டா போனை ஒரு நிமிடத்தில் வைத்துவிடுவதுதான் மனதில் வந்தது.

மூன்றாவது: நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. ஆனால் இரண்டு பேரிடமும் தலையாட்டியிருக்கிறேன். மேலும் நான் சொன்னால் அது ஆறுதல் ஆகிவிடும். டார்லீன்தான் சொன்னாரே, ஆறுதல் சொல்லாதே என்று.

பிறகுதான் தோன்றியது. தலையாட்டியது நான். கேசட் யாரிடமும் தலையாட்டவில்லை.

8

இது நேற்று நடந்தது. வியாழக்கிழமை, நாலு மணி, கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்ட பிறகு.

பழைய சோபாவை நகர்த்த ஆள் வேண்டும் என்று சொல்லி லென்னையும் டார்லீன் வீட்டுக்கு வரச் செய்திருந்தேன். சோபாவை நகர்த்தினோம். டார்லீன் காபி போட்டார். அடுக்களை மேசையில் உட்கார்ந்தோம். வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டி இருந்தது. லென் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், வழக்கம்போல.

ரெக்கார்டரை மேசையில் வைத்தேன். டார்லீனின் முகம் மாறியது.

"பதினேழு."

"டார்லீன், நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

"என்னது இது?" என்றார் லென்.

"உன் பாட்டு," என்றார் டார்லீன். குரலில் அதட்டல் இல்லை. நான் அந்தக் குரலை ரேடியோவில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "அன்னைக்கு. நான் பிடிச்சேன்."

"மேலேருந்தா?"

"மேலேருந்து."

லென் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இந்த டிரைவர் என்ன சொல்லித் தொலைத்தானோ என்ற பார்வை. நான் இல்லை என்று தலையாட்டினேன். அந்த வாரத்தின் நேர்மையான தலையாட்டல் அது ஒன்றுதான்.

"போடு," என்றார் டார்லீன். எழுந்து தொட்டிக்குப் போனார். "நான் பாத்திரம் கழுவுறேன். எனக்குக் கேக்காது."

குழாயைத் திறந்தார். முழுதாக. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவின கோப்பைகளையே மறுபடி கழுவத் தொடங்கினார்.

"லென்," என்றேன். "பாட்டை விடுங்க. கையை மட்டும் கேளுங்க. மைக் அவங்க மடியில இருந்துச்சு."

மூன்றாம் பாட்டின் தொடக்கத்துக்கு நகர்த்தி வைத்திருந்தேன். பொத்தானை அழுத்தினேன். பிறகு அங்கே இருக்க எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. பின்கதவு வழியாக வெளியே வந்து, தோட்டத்தின் கடைசியில் வேலியோரம் போய் நின்றேன். அடுக்களைச் சன்னல் திறந்திருந்தது.

(இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் உள்ளேயே இருந்திருப்பார். மேசைக்கு அடியிலாவது உட்கார்ந்து முகங்களைப் பார்த்து எழுதியிருப்பார். நான் இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்திப் பழகியவன். வீட்டுக்குள்ளே நடப்பது என் வேலை இல்லை.)

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே பாட்டு கேட்டது. முதல் கைதட்டல். பிறகு நாற்பது. பிறகு அந்த அடுக்கு முழுதும்.

பாட்டின் வேகம் குறையத் தொடங்கிய இடத்தில் குழாய் நின்றது.

அதன்பின் ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்டது. அடியும் தட்டும், அடியும் தட்டும், ஒரே நேரத்தில், கால்வைத்துக் கால்வைத்து, கீழே. பாட்டு நின்றது. ஏழு நொடி மௌனம் தொடங்கியது. பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்தில் ஒரு கைதட்டல் கேட்டது. ஒன்றே ஒன்று.

கேசட்டில் அந்த இடத்தில் கைதட்டல் கிடையாது. பதினொரு தடவை கேட்டவன் சொல்கிறேன். டார்லீனின் கைகள் ஈரமாக இருந்தன. லென்னின் கைகளில் கோப்பை இருந்தது. ஈரக் கை தட்டினால் சத்தம் வேறு மாதிரி இருக்கும், கேட்டால் தெரியும். ஆனால் நான் முப்பது அடி தள்ளி நின்றேன், பக்கத்து வீட்டு நாய் வேறு குரைத்தது.

உள்ளே போய், கோப்பை லென்னின் கையில் இருக்கிறதா மேசையில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் இந்தக் கதைக்கு முடிவு கிடைத்திருக்கும். நாளைய கல்யாணத்தில் டிரம் முன்னால் யார் உட்காருவார் என்பதும் தெரிந்திருக்கும். நான் போகவில்லை. வேலி வழியாகவே தெருவுக்கு வந்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ரெக்கார்டர் அங்கேதான் இருக்கிறது. அது என்னுடையது இல்லை.

சன்னல் இன்னும் திறந்துதான் இருக்கிறது. நான் நின்ற இடம் தூரம், அங்கே எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். நீங்கள் கிட்டத்தில் இருக்கிறீர்கள். மேசையைப் பாருங்கள்.